நவுரு ஆசாமியும் நானூற்றுப் பன்னிரண்டு வீடும்

நவுரு ஆசாமி என்றொரு இனம் இருக்கிறது. அரிய இனம் என்று நினைத்துவிடாதீர்கள். புதுச்சேரியில், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் தெருவுக்கு ஒருவர் நிச்சயம். பாகூர்ப் பக்கம் தெருவுக்கு இரண்டு பேர் என்று கேள்வி. நீங்கள் பாட்டுக்கு வீட்டில் ஒரு மூலையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, ஏதோ ஒரு வேலையை முக்கால்வாசி முடித்திருப்பீர்கள். வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்கும். யார் கூப்பிட்டார்கள்? யாரும் கூப்பிட வேண்டியதில்லை. உங்கள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று ஒரு நிமிஷம் திரையைப் பார்ப்பார். நாக்கால் ஒரு 'ச்சு' கொட்டுவார். அப்புறம் அந்தத் திருவாசகம் வரும்.

"நவுரு, நான் பாக்குறேன்."

அவ்வளவுதான், உங்கள் நாற்காலி போயிற்று. இனி நீங்கள் பின்னால் நிற்க வேண்டியவர். டீ கொண்டுவரலாம், ஃபேனைக் கூட்டலாம், பாஸ்வேர்டு கேட்டால் சொல்லலாம். வேறு எதற்கும் வாயைத் திறக்கக்கூடாது.

இந்த இனத்துக்கு என்று சில பழக்கங்கள் உண்டு. உட்கார்ந்ததும் முதல் காரியமாக, எந்த நோயாக இருந்தாலும், ரிஃப்ரெஷ் என்பதைப் பத்துத் தடவை அமுக்குவார்கள். எதற்கு? அவர்களுக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. எந்த மென்பொருளைப் போட்டாலும், வரும் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று பரிசல்காரன் துடுப்புப் போடுகிற மாதிரி போய்க்கொண்டே இருப்பார்கள். திரையில் சின்னப் படம் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அந்தப் படத்தை அமுக்கினால் ஏதாவது திறக்கிறதா என்பதெல்லாம் உங்கள் தலையெழுத்து. திறந்தால் "நான்தான் போட்டேன்." திறக்காவிட்டால் "உன் சிஸ்டம் ஸ்லோ."

நம் ஆசாமியின் பெயர் சிவப்பிரகாசம். ஊர் அரியூர். ஐம்பத்து நான்கு வயது, அடர்ந்த மீசை, இரண்டு காணி கரும்பு. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்திறங்கியபோது அட்டைப்பெட்டியைப் பிரித்தவர் அவர்தான். பிரித்ததோடு சரி. ஆனால் அன்றைக்கு முதல் உறவில் எந்த வீட்டில் கம்ப்யூட்டர் தும்மினாலும் வைத்தியம் பார்க்க அவர் போயாக வேண்டும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், மனிதருக்குப் பிள்ளையார் பக்தி அதிகம். கல்யாண மளிகைச் சீட்டில் பிள்ளையார் சுழி போடுவார். லீவு லெட்டரில் போடுவார். ஒருதரம் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் போட்டுக் கொடுக்க, அந்த நர்ஸம்மா அந்த 'உ'வை இரண்டு என்று படித்து இரண்டு குப்பி ரத்தம் எடுத்துவிட்டார். அப்போதும் மனிதர் மாறவில்லை.

அவருடைய அண்ணன் மகள் சரண்யா. இந்தக் கதையில் நாற்காலி இழந்தவள் அவள்தான். பாவம், நல்ல பெண்.

சரண்யா புள்ளியியல் படித்துவிட்டு, குழந்தைகள் சத்துணவுக் கணக்கெடுப்பு ஒன்றில் தற்காலிக வேலையில் இருந்தாள். வில்லியனூர் கொம்யூன் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை எடை பார்த்து, உயரம் அளந்து, காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதுகிற வேலை. நாலு மாசம் அலைந்தாள். எடைமெஷினில் ஏறமாட்டேன் என்று புளியமரத்தில் ஏறின பிள்ளைகள், உயரம் அளக்கிற குச்சியைப் பார்த்துக் குரைக்கிற நாய்கள், "இன்னா எழுதிக்கினு போற, அரிசி எப்ப குடுப்பீங்க" என்று கேட்கிற தாய்மார்கள், எல்லோரையும் தாண்டி நானூற்றுப் பன்னிரண்டு வீடு முடித்திருந்தாள். அத்தனையும் ஒரே ஃபைலில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் அந்த ஃபைலை, அலுவலகம் சொன்ன புள்ளிவிவர மென்பொருளைத் தன் லேப்டாப்பில் நிறுவி, அதற்குள் ஏற்றி, அதன் வழியாகவே புதுச்சேரி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் இன்னும் ஒரு வருஷம் வேலை நீட்டிப்பு. நாலு மணியைத் தாண்டினால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு. அதிகாரி செல்வகுமாரி மேடம் இதை மூன்று தடவை சொல்லியிருந்தார், மூன்று தடவையும் சிரிக்காமல்.

மேடம் நல்ல மனுஷி. ஏழு பக்கத்துக்குக் குறிப்பு ஒன்று அனுப்பியிருந்தார். எங்கே அமுக்க வேண்டும் என்று படம் போட்டு, படத்துக்கு அம்புக்குறி போட்டு, அம்புக்குறிக்குச் சிவப்பு வண்ணம் அடித்து. அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு சரண்யா உட்கார்ந்தாள். பத்தே கால் வாக்கில் மூன்றாம் பக்கத்துக்கு வந்துவிட்டாள். மென்பொருள் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது என்றால், ஏதோ கெட்டது வரப்போகிறது என்று உங்களுக்குத் தெரியாதா?

அவளுடைய அம்மா தையலம்மாள், மகள் தனியாகக் கஷ்டப்படுகிறாளே என்று பெற்ற மனசு பொறுக்காமல், கொழுந்தனாருக்கு ஒரு போன் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை அவருக்கு வார ஓய்வு. எதிர்சாரியில் நாலு வீடு தள்ளித்தான் வீடு. போனை வைப்பதற்குள் செருப்புச் சத்தம் வந்துவிட்டது.

"நவுரு, நான் பாக்குறேன்."

"இல்ல சித்தப்பா, குறிப்பு இருக்கு, நானே பாத்துக்குறேன்" என்று சரண்யா சொல்லத்தான் செய்தாள். அவர் அதற்குள் நாற்காலியின் முதுகைப் பிடித்து லேசாக ஆட்ட ஆரம்பித்திருந்தார். சித்தப்பாவை நிற்கவைத்துவிட்டு மகள் உட்கார்ந்திருந்தால் தெரு என்ன சொல்லும்? எழுந்துவிட்டாள். அவர் உட்கார்ந்தார், பத்துத் தடவை ரிஃப்ரெஷ் அமுக்கினார், அண்ணி கொடுத்த டீ டம்ளரை எங்கே வைப்பது என்று பார்த்தார். ஏழு பக்கக் குறிப்பு கைக்கு வாகாக இருந்தது. அதன்மேல் வைத்தார்.

மென்பொருள் பத்தரைக்கு இறங்கி முடிந்தது. சரண்யா நெக்ஸ்ட் அமுக்கச் சொன்னாள். அவர் கையை மௌஸிலிருந்து எடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். இறக்குவது என்பது பெண் பார்க்கிற மாதிரி, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். நிறுவுவது தாலி கட்டுகிற மாதிரி, அதற்கு நேரம் பார்க்காமல் முடியுமா என்று விளக்கினார். "ஒன்றரை மணி நேரம் போச்சே சித்தப்பா" என்றதற்கு, போனால் போகட்டும், நின்று நிலைக்க வேண்டாமா என்றார். சரி, அந்த நேரம் நாற்காலியையாவது விட்டாரா என்றால், அதுதான் இல்லை. ஒன்றரை மணி நேரமும் அதிலேயே உட்கார்ந்து, சி டிரைவில் எதையும் போடக்கூடாது, அது சூடாகிவிடும் என்றும், கம்பெனியில் தான் ஒரு பிரிண்டரை வெறும் விபூதியாலேயே சரிசெய்தது எப்படி என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். சரண்யா நின்றுகொண்டே கேட்டாள். காலை மாற்றி மாற்றி நின்றாள்.

பன்னிரண்டு அடித்தது. முதலில் அவளுடைய ஃபைலைத் திறந்து காட்டச் சொன்னார். நல்லா இருக்கா என்று ஒரு பார்வை பார்க்க வேண்டுமாம். அவள் திறந்து காட்டினாள். அதே நேரம் அம்மா கூப்பிட்டாள் என்று சோறு வடிக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஃபைல் மூடியிருந்தது. சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்திருந்தார். அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அப்புறம் தாலி கட்டு. எந்த மொழியில் வேண்டும் என்று மென்பொருள் ஒரு பட்டியலைக் காட்டியது. டம்ளருக்கு அடியில், நாலாம் பக்கத்தில், ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்கவும் என்று மேடம் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். சித்தப்பா பட்டியலில் தமிழைத் தேடினார். இல்லை. அவர் முகம் சிவந்தது.

"தமிழ் இல்லன்னா பிரெஞ்சு போடு. பாண்டிச்சேரிக்காரன் இன்னாத்துக்கு இங்கிலீஷு முன்னாடி கைகட்டி நிக்கணும்?"

அவருக்கோ அவர் வம்சத்தில் யாருக்கோ மெர்சி என்பதற்குமேல் ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது. ஆனால் அதனால் அவருக்கு என்ன நஷ்டம்? எந்த மொழியில் இருந்தாலும் அவர் படிக்கப்போவதில்லை. பொத்தான் அதே இடத்தில்தான் இருந்தது. அமுக்கு, அமுக்கு, அமுக்கு. ஆறாவது அமுக்கில் திரையில் சின்னப் படம் வந்து உட்கார்ந்தது. நாற்காலியில் சாய்ந்து, "முடிஞ்சுது அண்ணி, சோத்தைப் போடுங்க" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு, ஒன்றே கால் மணிக்கு, ஃபைலை மென்பொருளுக்குள் ஏற்றினார்கள். அதாவது அவர் ஏற்றினார், அவள் பார்த்தாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிரெஞ்சு வந்தது. மளமளவென்று நாலு வரி. சரண்யா திரையை நோக்கிக் குனிந்தாள். என்ன சொல்கிறது என்று கேட்டாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"வேற ஒண்ணும் இல்ல. வெயிட்டு ஜாஸ்தின்னு சொல்லுது."

சி டிரைவிலிருந்து எடுத்து டி டிரைவில் போட்டார். சிவப்பு வந்தது. ஆஃப் செய்து ஆன் செய்தார். சிவப்பு வந்தது. லேப்டாப்பின் அடியில் ஊதினார், விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினார். அதிலிருந்து பொரி இரண்டு விழுந்தது, இதுதான் காரணம் என்றார். பொரி போன பிறகும் சிவப்பு வந்தது. இடம் போதவில்லை என்று சரண்யாவின் அக்கா கல்யாண போட்டோக்களை அழித்தார். வைரஸ் இருக்கும் என்று வைரஸ் பிடிக்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டார், அது தன் பங்குக்கு டிங் டிங் என்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது தடவையாக எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி பிரெஞ்சிலேயே மாட்டினார். "இங்கிலீஷு போடலாம் சித்தப்பா" என்று சரண்யா மூன்று தடவை கேட்டாள். ஆரம்பித்ததை நடுவில் மாற்றக்கூடாது என்றார்.

மணி மூன்று. செல்வகுமாரி மேடம் போன் செய்தார். பாகூரில் இதே வேலை பார்க்கிற ஸ்டெல்லா அனுப்பிவிட்டாள், திருபுவனை ஆள் அனுப்பிவிட்டார், உன்னுடையது மட்டும்தான் பாக்கி என்று சொல்லி வைத்துவிட்டார். சரண்யா உள்ளே அடுப்படிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். சத்தம் வராமல்தான் அழுதாள். நாலு மாசம் வெயிலில் அலைந்தது, புளியமரத்தடியில் காத்துக்கிடந்தது, எல்லாம் இந்த ஒரு மணி நேரத்தில் போகப்போகிறது என்று அம்மாவிடம் சொன்னாள். சித்தப்பாவை நாற்காலியிலிருந்து எழுப்ப முடியாது என்றும் சொன்னாள்.

தையலம்மாளுக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. கொழுந்தனாரை முப்பது வருஷமாகத் தெரியும் அவளுக்கு. எழுந்திருங்கள் என்றால் எழமாட்டார், கோபித்துக்கொண்டால் பொங்கலுக்கு வரமாட்டார். நவுரு ஆசாமியை ஒரு நாற்காலியிலிருந்து கிளப்ப உலகத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"தம்பி, கடைசி வூட்டு தங்கவேலு புதுசா பிரிண்டர் வாங்கி வெச்சிக்கினு திண்டாடுறாராம். அவரே ஏதோ நோண்டிக்கினு இருக்காராம்."

அவரே நோண்டுகிறாராமா? சிவப்பிரகாசத்தின் முதுகு நிமிர்ந்தது. ஒரு மனிதன் தன் சொந்தப் பிரிண்டரைத் தானே நோண்டுவதை அவரால் எப்படித் தாங்க முடியும்? இதைத் தொடாதே, வந்து பார்க்கிறேன் என்று சரண்யாவுக்கு உத்தரவு போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார். தங்கவேல் வீட்டில் பிரிண்டர் கிடையாது. கம்ப்யூட்டரும் கிடையாது.

மணி மூன்று இருபத்தைந்து. நாற்காலி காலி. சரண்யா உட்கார்ந்தாள். முதல் வேலையாக மணி அடிக்கிற வைரஸ்காரனை வெளியேற்றினாள். டம்ளரை நகர்த்திவிட்டு, வட்டமாகக் கறை படிந்த ஏழு பக்கத்தை எடுத்தாள். போன் கேமராவைச் சிவப்பு எழுத்தின்மேல் பிடித்தாள். போன் அதை மொழிபெயர்த்துக் காட்டியது. வெயிட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. முதல் வரியில் பத்தொன்பது தலைப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு எழுத்துதான் இருக்கிறது, இதை எப்படிப் படிப்பது என்று அந்த மென்பொருள் மத்தியானத்திலிருந்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

ஃபைலைத் திறந்தாள். பெயர், ஊர், வயது, எடை, உயரம் என்ற தலைப்புகள் எல்லாம் ஒரு வரி கீழே இறங்கியிருந்தன. அவற்றுக்கு மேலே, முதல் வரியில், தனியாக, கம்பீரமாக, ஒரு 'உ' இருந்தது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு. அழிக்கப் போன விரல் அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை. பிள்ளையார் சுழி. அதுவும் வேலை போகுமோ இருக்குமோ என்கிற நேரம். இந்த நேரத்தில் பிள்ளையாரைப் பகைத்துக்கொள்வதா? மணி மூன்று நாற்பது. சட்டென்று பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் பெரிதாக ஒரு 'உ' போட்டுக்கொண்டாள். இடம் மாற்றியதுதான், அழித்ததாகாது. ஃபைலில் இருந்ததை அழித்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டு வீடும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே ஏறின. குறிப்பின் ஆறாம் பக்கத்தில் இருந்தபடி அனுப்புகிற கட்டளையை எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தட்டினாள். திரையில் ஒரு கோடு மெதுவாக நீண்டது. தையலம்மாள் கையைக் கூப்பிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது, 412 கிடைத்தது என்று. காலையிலிருந்து முதல்தடவையாக சரண்யா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

நாலரை மணிக்கு சிவப்பிரகாசம் திரும்பி வந்தார். தங்கவேல் பிரிண்டர் வாங்கவில்லை, யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்; ஆனால் போனது வீணில்லை, அவருடைய மிக்ஸியைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், நாளைக்கு மாட்டணும் என்றார். ஃபைல் அலுவலகத்துக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்தால் உங்களுக்கே அவர்மேல் ஆசை வந்துவிடும். கள்ளம் இல்லாத மனிதர். அண்ணன் மகள் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனசில் வேறு ஒன்றுமே இல்லை.

"நான்தான் எதுக்கும் இருக்கட்டும்னு மேல ஒரு பிள்ளையார் சுழி போட்டு வெச்சேன். பாத்தியா? அதான் கரெக்டா போய்ச் சேந்துடுச்சு."

சரண்யா இடது கையை மெல்ல மூடிக்கொண்டாள். "ஆமா சித்தப்பா" என்றாள்.

வேலை ஒரு வருஷத்துக்கு நீண்டது. கடைசி நிமிஷத்தில் அந்த மென்பொருளைத் தானே சமாளித்த பெண் என்று செல்வகுமாரி மேடத்திடம் நல்ல பெயர் வேறு. இரண்டு மாசம் கழித்து அதே மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. பாகூரில் ஸ்டெல்லாவுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தால் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார் மேடம். சரண்யா பஸ் பிடித்துப் போனாள். ஸ்டெல்லாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே ஸ்டெல்லா குறிப்புத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, மூன்றாம் பக்கத்தில் இருந்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தாள். கொஞ்சம் மெதுவாக. ஒவ்வொரு பெட்டியையும் முழுசாகப் படித்துவிட்டு, தாளைப் பார்த்துவிட்டு, அப்புறம் அமுக்கினாள்.

சரண்யா அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒன்றரை நிமிஷம் பார்த்தாள். விரல் துறுதுறுவென்றது. ஸ்டெல்லாவின் அம்மா டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார். சரண்யாவின் நாக்கு தானாகவே ஒரு 'ச்சு' கொட்டியது.

"நவுரு ஸ்டெல்லா, நான் பாக்குறேன்."

டீ டம்ளரை வைக்க இடம் தேடினாள். குறிப்புத் தாள் கைக்கு வாகாக இருந்தது.

பாருங்கள், இது காற்றில் பரவுகிறதோ நாற்காலியில் ஒட்டிக்கொள்கிறதோ, யாருக்கும் தெரியாது. உங்களுக்கு அதெல்லாம் இல்லை என்கிறீர்கள். நல்லது. அந்தச் சிவப்பு எழுத்து முதல்தடவை வந்தபோதே, 'ஃபைலைத் திறந்து பார்க்கவேண்டியதுதானே, என்னிடம் கொடுத்திருந்தால் ரெண்டு நிமிஷம்' என்று உங்கள் மனசு ஒரு சின்ன 'ச்சு' கொட்டவில்லையா? போகட்டும். இப்போது நீங்கள் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்த நாற்காலி யாருடையது? பின்னால் யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பாருங்கள்.